கூட்டுத்தொகை எட்டு

"எட்டு வேண்டாம் சார்" என்று என்னிடம் கேட்டவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தினால், தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துத் துறைமுக வாசல் வரைக்கும் நிற்பார்கள். அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முப்பது வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் நான்.

என் பெயர் வள்ளிநாயகம். உயிரெண் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். குழந்தை பிறந்தால் அதற்கு ஓர் எண் கொடுப்பது எங்கள் வேலை. முந்நூறு இலக்கம் இருக்கும். பகா எண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று ஒப்பித்திருப்பீர்களே, அதே வகைதான். நீளம்தான் கொஞ்சம் அதிகம்.

கல்யாணம், வீடு, தத்து என்று இரண்டு பேர் சேர்ந்து எதை எழுதிக்கொண்டாலும், அவர்களுடைய எண்களைப் பெருக்கி வருவதுதான் பத்திர எண். ஏழையும் பதினொன்றையும் பெருக்கினால் எழுபத்தேழு. அந்த எழுபத்தேழுக்குள் ஏழும் பதினொன்றும் தவிர இன்னொருவர் இருக்க முடியாது. கள்ளக் கையெழுத்து, "நான் போடவே இல்லை" என்கிற பேச்சு எல்லாம் அதோடு ஒழிந்தது. முந்நூறு இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கிவிட்டால், உள்ளே இருப்பது யார் யார் என்று வெளியாள் பிரித்துப் பார்க்கவும் முடியாது. நல்ல ஏற்பாடு. நம் ஜனங்கள் கையில் வந்து சேரும் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நம் ஆட்களுக்கு எண் என்றாலே கூட்டுத்தொகை. முந்நூறு இலக்கத்தையும் கூட்டி, வந்ததைத் திரும்பக் கூட்டி, ஒற்றை இலக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாதிப் பேருக்கு ஒன்பது வேண்டும். கூட்டுத்தொகை மூன்றோ ஆறோ ஒன்பதோ வந்தால் அந்த எண் மூன்றால் வகுபட்டுவிடும், பகா எண்ணாகவே இருக்காது, பிரம்மாவே வந்து கேட்டாலும் தர முடியாது என்று சொல்லுவேன். "ஆளப் பாத்துத்தான் குடுப்பிய" என்று சண்டைக்கு வருவார்கள். எட்டு வந்துவிட்டால் ஒப்பாரிதான். "அஞ்சு இருந்தா பாருங்க சார், ஒண்ணு இருந்தா பாருங்க சார்" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நானும் பார்ப்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இரக்கம் கொஞ்சம் அதிகம், மூளை கொஞ்சம் குறைவு. சென்னையிலிருந்து தினமும் இரண்டு பட்டியல் வரும். ஒன்று, முழுச்சோதனை முடிந்து, "பகா எண்தான்" என்று முத்திரை வைத்தது. இன்னொன்று அரைச்சோதனை முடிந்தது. சின்ன எண்களால் வகுத்துப் பார்த்து வடிகட்டியிருப்பார்கள், முழுச்சோதனை சாயங்காலம் நடக்கும். முதல் பட்டியலில் அஞ்சு தீர்ந்துபோனால் இரண்டாவதிலிருந்து ஒரு அஞ்சை எடுத்துப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் முடிவு வரும். தேறவில்லையென்றால் அடித்துவிட்டு வேறு அஞ்சு. எண்ணை ஏற்றிய அட்டை கொடுப்பது ஒரு வாரம் கழித்துத்தான் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. வேண்டாமென்று தள்ளிய எட்டுகள் என்ன ஆயின என்றால், கேட்கத் தெரியாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில், முப்பது வயசுப் பெண் ஒருத்தி புருஷனோடு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"சார், என் பேரு அமலோற்பவம். இவிய எங்க வீட்டுக்காரர், கிளாட்வின். ஆஸ்பத்திரில இந்தப் பேப்பரக் குடுத்து உங்க ஆபீஸ்ல போய்க் கேக்கச் சொன்னாவ."

தாளை வாங்கிப் பார்த்தேன். சிறுநீரக தானப் பத்திரம் நிறுத்திவைக்கப்பட்டது, பத்திரத்தில் கூடுதல் நபர் இருப்பதாகத் தெரிகிறது என்று அச்சடித்திருந்தது.

"என் தம்பி இன்னாசிக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு சார்" என்றாள். "நான் ஒண்ணு குடுக்கேன். வெள்ளிக்கிழம ஆபரேஷன். இப்ப வந்து பத்திரத்துல மூணாவதா ஒரு ஆள் இருக்கான், அவன் புரோக்கர்னு சொல்லுதாவ."

"கூடப்பொறந்த அக்கா தம்பிக்கு நடுவுல புரோக்கர் எங்க சார் வருவான்?" என்றார் கிளாட்வின். மக்ரூன் போடும் பேக்கரிக்காரர். சட்டைக் கையில் சீனிப்பொடி ஒட்டியிருந்தது, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "மச்சானுக்கு ரெண்டு கையிலயும் ஊசி போட இடமில்ல. கழுத்துல ஒரு குழாய் போட்டு ரத்தம் சுத்தம் பண்ணுதாவ. அதுவும் அடைக்கு. வெள்ளிக்கிழமையத் தாண்டுனா எங்க பொறுப்பில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

விஷயம் இதுதான். கிட்னி புரோக்கர்கள் தானப் பத்திரத்தில் தங்கள் எண்ணையும் சேர்த்துப் பெருக்கிவிடுவதாகப் புகார் வந்து, சித்திரை மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிகளில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். அது பத்திர எண்ணை எடுத்து, வாங்குகிறவரின் எண்ணால் வகுக்கும். வாங்குகிறவர் போக மிச்சம் நிற்பது கொடுப்பவர் ஒருவரின் எண்ணாக, அதாவது பகா எண்ணாக இருக்க வேண்டும். கொடுப்பவருடைய அட்டையை ஆஸ்பத்திரியில் திறக்கக் கூடாது, அது அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே மெஷின் மிச்சத்தை மட்டும் சோதிக்கும். அமலோற்பவத்தின் மிச்சம் பகா எண் இல்லையாம்.

"மூணாவது ஆள் இருக்கான்னு தெரியுதுல்லா, யாருன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டாள்.

"அது தெரியாதும்மா. பான வாங்கும்போது தட்டிப் பாப்பியல்லா? சத்தம் சரியில்லன்னா கீறல் இருக்குன்னு தெரியும். எந்த இடத்துலன்னு சத்தம் சொல்லாது. இந்தச் சோதனையும் அப்படித்தான். எண் உடையும்னு மட்டும் சொல்லும். எத்தனையா உடையும், என்னென்னவா உடையும், ஒண்ணும் சொல்லாது."

"அப்ப ஆளே தெரியாம என்னப் பிடிச்சு வச்சிருக்கு."

"இருங்க. உங்க கோப்பப் பாத்துட்டு வாரேன்."

பதிவறையில் கோப்பு கிடைக்க அரைமணி நேரம் ஆனது. தூசி தட்டித் திறந்தேன். எண்ணுக்குக் கீழே சென்னைச் சீட்டு ஒன்று மடித்துச் செருகியிருந்தது. "பகு எண். வழங்க வேண்டாம்" என்று, அதாவது உடையும் எண் என்று, எழுதியிருந்தது. அதற்கு அடியில் "பார்த்தேன்" என்று சுருக்கொப்பம். என்னுடையது.

அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. சூசைமரியான், விசைப்படகு டிரைவர். முதல் பிள்ளைக்கு எட்டு வந்துவிட்டது என்று ஜன்னலில் நின்று அழுதவர். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் ஊற்றியதும் ஞானத்தகப்பன் பிள்ளையின் காதில் முந்நூறு இலக்கத்தையும் வாசிப்பது அந்தப் பக்கத்தில் அப்போது புதிதாக வந்திருந்த வழக்கம். அட்டை சனிக்கிழமையே வேண்டும் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். அரைச்சோதனைப் பட்டியலிலிருந்து ஒரு அஞ்சை எடுத்து அட்டையில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் சோதனை கிடையாது. திங்கட்கிழமை இந்தச் சீட்டு வந்தது.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. காதில் வாசித்தாகிவிட்டது, ஊருக்கெல்லாம் கேக் கொடுத்தாகிவிட்டது, இப்போது போய் எந்த முகத்தோடு சொல்வது? பெருக்கினால் பெருகும், வகுத்தால் வகுபடும், எந்தப் பத்திரத்திலும் கோளாறு வராது, இதை யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று துணிந்து, சீட்டைக் கோப்பில் செருகி மூடினேன். இருபத்துநாலு வயசுத் திமிர். மற்ற பென்சில் எண்களையெல்லாம் ஒழுங்காக மாற்றியிருக்கிறேன், சத்தியமாக. இது ஒன்றுதான். கொஞ்ச நாளில் மறந்தும்போனேன். நம்புவது உங்கள் இஷ்டம்.

சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாங்க, ஆஸ்பத்திரிக்கே போய்ப் பேசுவோம் என்று அவர்களோடு கிளம்பினேன்.

அங்கே தானப் பத்திரங்களைச் சரிபார்க்கும் அதிகாரி ஷகிலா பானு. சென்னைக்காரர். தானாக ஓடும் பஸ்ஸே தாமதமாக வந்தால் அதற்கும் புகார் எழுதுகிற ஆள் என்று கேள்வி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பத்திரத்துல யாரும் ஒளிஞ்சிருக்கல, அந்தப் பொண்ணோட எண்ணே பகு எண்ணா இருக்குன்னு வச்சுக்குவோம். அப்ப என்ன செய்வீங்க?"

"அப்படி இருந்தா சட்டப்படி அவங்க ஒரு நபரே இல்லையே சார். கையெழுத்தே செல்லாது. புது எண் வாங்கிட்டு வரணும். அதுக்குத் தொண்ணூறு நாள். புரோக்கர் விசாரணைன்னா இருபத்தொரு நாள். எப்படிப் பார்த்தாலும் இந்த வெள்ளிக்கிழமை கிடையாது." கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஏன், உங்க ஆபீஸ்ல அப்படி ஏதாவது நடந்திருக்கா?"

"சும்மா கேட்டேன் மேடம்" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. உண்மையைச் சொன்னால் தொண்ணூறு நாள், சொல்லாவிட்டால் இருபத்தொரு நாள், இரண்டிலும் அந்தப் பையன் செத்துப்போவான். நான் இங்கே எதற்கு வந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

வெளியே வந்து, இன்னாசி படுத்திருந்த வார்டுக்குப் போனோம். இருபத்தாறு வயசு. முகம் ஊதிப்போய், கழுத்தில் குழாயோடு கிடந்தான். என்னைப் பார்த்ததும், "சார் யாரு, புரோக்கரா?" என்று அக்காவிடம் கேட்டான்.

"ஏலே, வாய மூடுல. அவிய உயிரெண் ஆபீஸ் சார்."

"சார், அக்காவ வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. எட்டுக்காரனுக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கு. அவ அஞ்சு, நல்லா இருக்கட்டும்."

அமலோற்பவம் சட்டென்று எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எனக்குக் கெஞ்சிக் கெதறி அஞ்சு வாங்கிட்டு வந்தாவ சார். தம்பி பொறக்கும்போது அப்பா கடல்ல. வந்து பாத்தா எட்டு. யாரும் கேக்கல, ஆபீஸ்ல குடுத்தத வாங்கிட்டு வந்துட்டாவ. அவனுக்குக் கிட்னி போயிட்டுன்னு தெரிஞ்ச அன்னைக்கு அப்பா தலையில அடிச்சிட்டு அழுதாவ, எம் பிள்ளைக்கு எட்டக் குடுத்துட்டனேன்னு. அதச் சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்துட்டாவ." மூக்கை உறிஞ்சினாள். "இருந்த ராசியையெல்லாம் நான் ஒருத்தியே வாங்கிட்டேன் சார். அதுல கொஞ்சமாச்சும் திருப்பிக் குடுக்கலாம்னுதான் நிக்கேன். அதுக்கும் விட மாட்டேங்காவ."

என் கை சட்டைப்பையில் இருந்த சீட்டின் மேல் இருந்தது. அந்த நிமிஷம் அதை எடுத்து நீட்டியிருந்தால் அவள் நெஞ்சுப் பாரம் இறங்கியிருக்கும், அவள் கையெழுத்தே செல்லாது என்றாகி, தம்பிக்கு இருந்த கடைசி வாய்ப்பும் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக என்னை நான் நினைத்ததில்லை.

அப்போது கிளாட்வின் கையில் தானப் படிவத்தோடு வந்தார். சும்மா உட்கார முடியாமல் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறார்.

"சார், இதுல ஒரு கட்டம் இருக்கு. 'கொடுப்பவர் தன் துணையோடு தம்பதியாக ஒப்பமிட்டால் இங்கே குறிக்கவும்'னு போட்டிருக்கு. நானும் சேந்து போட்டா எதும் உதவுமா சார்? என்ன ஏதுன்னு தெரியாமத்தான் கேக்கேன்."

படிவத்தை வாங்கி அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு அந்த மனிதரின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். சீனிப்பொடி பறந்தது.

"என்ன சார், என்ன ஆச்சு?"

"கிளாட்வின், அந்த மெஷினுக்கு எண்ணத் தெரியாதுவே. ஒருத்தரா, இல்ல ஒருத்தருக்கு மேலயான்னு மட்டும்தான் தெரியும். ரெண்டா மூணா நாலான்னு அதுக்குச் சொல்ல முடியாது. எந்த மெஷினாலயும் முடியாது. தம்பதின்னு குறிச்சா மிச்சம் பகு எண்ணாத்தான் இருக்கணும்னு அது எதிர்பாக்கும். நீங்க சேந்தா பகு எண்ணாத்தான் இருக்கும்."

"அப்ப பாஸ் ஆயிருமா?"

"வாங்க."

பழைய பத்திரத்தை ரத்து செய்து, மூன்று பேர் எண்ணையும் பெருக்கிப் புதுப் பத்திரம் போட்டு, கட்டத்தில் குறித்து, ஷகிலா பானுவின் மேஜைக்குக் கொண்டுபோனோம். அவர் புருவத்தைத் தூக்கினார்.

"முன்னாடி தனியாத்தானே போட்டீங்க? இப்ப எதுக்குத் தம்பதியா?"

"எம் பொண்டாட்டி வயித்தக் கீறப் போறாவ மேடம்" என்றார் கிளாட்வின். "எனக்கும் சம்மதம்னு நானும் ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஷகிலா பானு பத்திரத்தை மெஷினில் வைத்தார். அது முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனாலும் பனிமய மாதா, நெல்லையப்பர் என்று எனக்குத் தெரிந்த பெயரையெல்லாம் உள்ளுக்குள் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது.

முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். "நீங்க ஒரு பேச்சுக்குக் கேட்டது, ஒரு பேச்சுக்குத்தானே சார்?"

"வெள்ளிக்கிழம முடியட்டும் மேடம். பிறகு எழுத்துலயே தாரேன்."

"மெஷின் கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கு. என் வேலை அவ்வளவுதான்" என்று முத்திரையை அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். என்ன உறவு என்று வாசலில் கேட்டார்கள். ஆபீஸ் வேலை என்றேன். பதினோரு மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. டீ வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே ஆறவிட்டேன். ஒன்றரை மணிக்குக் கிளாட்வின் வராந்தாவில் செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தார்.

"சார், மச்சானுக்கு மூத்திரம் வந்துட்டு. ஆபரேஷன் மேசையில வச்சே வந்துட்டாம் சார். பையி நெறையுதுன்னு டாக்டர் வெளிய வந்து சொல்லுதாரு. அவளும் நல்லா இருக்கா."

சிறுநீருக்காக இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுததை அந்த வராந்தா அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். அப்பாடா என்று எனக்கு வந்த மூச்சு முப்பது வருஷத்து மூச்சு.

அடுத்த திங்கட்கிழமை, சீட்டின் நகலை வைத்து நடந்ததை முழுதும் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன், ஷகிலா பானுவுக்கு ஒரு நகலோடு. பத்து நாள் கழித்து, அக்காவும் தம்பியும் எழுந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் வார்டுக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சூசைமரியான் அழுதது, சனிக்கிழமை அட்டை, திங்கட்கிழமைச் சீட்டு, என் சுருக்கொப்பம். எதையும் குறைக்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன்.

அமலோற்பவம் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் ஒருத்தி இல்லியா சார்? ரெண்டு பேரா?"

"ரெண்டோ மூணோ. அது யாருக்கும் தெரியாதும்மா."

"வீட்டுல இவ பாக்குத வேலைக்கு மூணு பேராத்தான் இருக்கும்" என்றார் கிளாட்வின்.

அவள் சிரிக்கவில்லை. "தம்பியோட எட்டு?" என்று கேட்டாள்.

"முழுச்சோதன முடிஞ்சு முத்திர வச்சு வந்த எண்ணு. நேத்து நானே திரும்பத் தட்டிப் பாத்தேன். ஒரு கீறல் கெடையாது. உங்கப்பா ராசின்னு வாங்கினதுதான் ஓட்ட, வேண்டாம்னு அழுததுதான் முழுசு. நீங்க அவன்கிட்ட இருந்து எதையும் வாங்கலம்மா. நான் உங்களுக்கு எதையும் குடுக்கவே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். வயிற்றுத் தையல் வலித்திருக்கும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அது துக்கத்து அழுகை இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. இன்னாசி பக்கத்துக் கட்டிலிலிருந்து, "சார், அப்ப அக்காதான் டூப்ளிகேட்டா? இத்தன வருசமா என்னப் போட்டு எட்டு எட்டுன்னாவளே" என்றான். "ஏலே, தையல் பிரிஞ்சிரும், சிரிக்க வைக்காதல" என்று அழுகைக்கு நடுவில் திட்டினாள்.

என்னை அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. "அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்லா சார்" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

சென்னையிலிருந்து எனக்கு மெமோ வந்தது. இனிப் பதவி உயர்வு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். நாலு வருஷத்தில் ரிட்டயர் ஆகிறவனை வேறு என்ன செய்வது? நான் கொடுத்த மற்ற எண்களையெல்லாம் எடுத்துச் சோதித்தார்கள், எல்லாம் சரியாக இருந்தன. அமலோற்பவத்தின் கல்யாணப் பத்திரம், பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எல்லாம் புது எண்ணுக்கு மாற்றப்பட்டுச் செல்லுபடியாகும் என்று உத்தரவும் கூடவே வந்தது.

ஐப்பசி மாதத்தில், தொண்ணூறு நாள் முடிந்த அன்றைக்கு அவள் ஜன்னலுக்கு வந்தாள். கையில் கிளாட்வின் கொடுத்துவிட்ட மக்ரூன் பொட்டலம். வாங்க மாட்டேன் என்றேன். வாங்காவிட்டால் நகர மாட்டேன் என்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது, வாங்கிக்கொண்டேன்.

முத்திரை வைத்த பட்டியலை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். "எல்லாம் முழுச்சோதன முடிஞ்சது. நானும் தனியா மூணு தடவ பாத்துட்டேன். இன்னைக்கு அஞ்சுல நாலு எண் இருக்கு, ஒண்ணுல ரெண்டு எண் இருக்கு. எது வேணும்?"

அவள் பட்டியலைப் பார்க்கவே இல்லை.

"எட்டு இருக்கா சார்?"

முப்பது வருஷத்தில் அந்த ஜன்னலில் நின்று அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இருந்த எட்டுகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.